பம்புசெட்டில் ஏறி கால் மைல்: பழைய ஜெட் போட், ஒரு சீசன் ஓட்டிய பிறகு

நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், வார்த்தவர். நானும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பம்பில்தான் வந்து நின்றேன். இப்போது கலிஃபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டு எண்ணெய் வயல்களில் பம்பு பராமரிப்பு வேலை. அதனால் போன வருஷம் மார்ச்சில் 6,800 டாலர் கொடுத்து, பம்பால் ஓடும் ஒரு பழைய ஜெட் போட்டை டிரெய்லரோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். "ஏங்க, நாள் பூரா பம்பு பாத்துட்டு வந்து, லீவு நாள்லயும் பம்பா?"

ஆமாம், பம்புதான். டிராக் போட் பந்தயத்துக்கு, அதாவது நேர்கோட்டில் இரண்டிரண்டு படகாக ஓடும் பந்தயத்துக்கு, புதிதாக வருகிறவர் இந்த மாதிரிப் படகை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சீசன், நான்கு பந்தய வார இறுதிகள், ஒரு முறை பம்பைப் பிரித்துப் பூட்டியது, ஒரு முறை படகுக்குள் தண்ணீர் ஏறி நடுக்குளத்தில் நின்றது, எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1976-ஆம் வருஷத்து 18 அடி ஃபைபர்கிளாஸ் உடம்பு. மேலே தங்கப்பொடி தூவியது மாதிரி மினுமினுக்கும் அந்தக் காலத்து ஆரஞ்சு நிறம். 454 கன அங்குல ஷெவி பிக் பிளாக் என்ஜின், விற்றவர் கணக்குப்படி 500 குதிரைத்திறன். பின்னால் பெர்க்லி கம்பெனியின் ஜெட் பம்பு. உடம்பில் தயாரித்தவர் பெயர்ப் பலகை இல்லை. எழுபதுகளில் இது சகஜம். ஒருவருடைய படகு நன்றாக ஓடினால், அதிலிருந்தே அச்செடுத்து இன்னொரு பட்டறைக்காரர் தன் படகாக விற்பார். ஆகவே பிராண்டைப் பார்த்து வாங்குகிற பேச்சே இதில் எடுபடாது. எதிரே நிற்கிற அந்த ஒரு படகைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெட் போட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: படகின் அடியில் பின்பக்கமாக ஒரு வாய் இருக்கும். அதன் வழியாக ஏறும் தண்ணீரை இம்பெல்லர் வாங்கி, பின்னால் உள்ள நாசில் வழியாகப் பீய்ச்சும். அந்த உதையில் படகு போகும். வாய்க்காலில் கொட்டுகிற டெலிவரி குழாயைப் படகில் கட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் இல்லை. 1950-களில் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் இதை ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக உருவாக்கினார். அமெரிக்கர்கள் அதில் பெரிய வி8 என்ஜினைப் பூட்டி, யார் முன்னே போவது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை. ஒரு ஷாஃப்ட், அவ்வளவுதான். என்ஜின் சுற்றினால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் படகு நகரும். நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. நாசிலுக்குப் பின்னால் ஒரு வாளி மாதிரி மூடி இருக்கும். அதைப் பாதி இறக்கினால் நீர் முன்னும் பின்னுமாகப் பிரிந்து படகு ஏறக்குறைய நிற்கும், முழுதாக இறக்கினால் பின்னால் போகும். எடை குறைக்கிறேன் என்று பந்தயக்காரர்கள் பலர் இந்த வாளியைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். புதியவர்கள் கழற்ற வேண்டாம். படகை டிரெய்லரில் ஏற்றும்போது அதன் அருமை தெரியும்.

இனி பந்தயம். ஒரே நேரத்தில் இரண்டு படகுகள், நேர்கோடு, கால் மைல், அதாவது 1,320 அடி. மேல்மட்டத்தில் நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைக் குடிக்கும் டாப் ஃபியூயல் ஹைட்ரோ படகுகள் 1,000 அடியிலேயே மணிக்கு 250 மைலைத் தாண்டிவிடும். வீடியோவில் நாம் வாய் பிளந்து பார்ப்பது அவற்றைத்தான். அந்த உலகம் நமக்கு இல்லை. நமக்கு உரியது நேரக் குறியீட்டுப் பிரிவு. 10 விநாடி, 11 விநாடி, 12 விநாடி என்று பிரிவுக்கு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறோம், யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதுதான் போட்டி. எண்ணை விடச் சீக்கிரமாக ஓடினால் தோல்வி. நான் ஓட்டியது 13 விநாடி. 12.98-இல் ஓடிவிட்டு, முன்னால் வந்தும் தோற்றவனுக்குத்தான் இதன் கடுப்பு புரியும். எனக்குப் புரியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மைல் போகும்?" நான்கு பந்தயத்துக்குப் பிறகு என் எண்ணம் என்னவென்றால், ஆரம்பிக்கிறவருக்கு வேகமான படகு வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடுகிற படகு வேண்டும். இந்தப் பழைய ஜெட் அந்த ஒரு விஷயத்தில் நல்ல படகு. ஆனால் வாங்கி வந்த அன்று அது அப்படி இல்லை.

வாங்கும்போது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வீட்டிலிருந்து ஆறடி ரசமட்டத்தைக் கையோடு கொண்டுபோனதுதான். படகை டிரெய்லரில் வைத்தபடியே, அடிப்பாகத்தின் கடைசி ஐந்தாறு அடியில் ரசமட்டத்தின் விளிம்பை நீளவாக்கில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. பின்முனைக்கு அருகே உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் அது படகின் மூக்கை அமுக்கும். எவ்வளவு என்ஜின் போட்டாலும் படகு தண்ணீரில் ஒட்டிக்கொண்டே போகும். வெளியே புடைத்திருந்தால் வேகத்தில் மூக்கு தூக்கித் தூக்கிக் குதிக்கும். என் படகில் வலப்பக்கம் ஒரு நூல் குழி இருந்தது. அதைக் காட்டி 700 டாலர் குறைத்தேன். பத்து மாதமாக அந்தக் குழி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் உண்மை.

இரண்டாவது, சுத்தியல். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்களை ஸ்டிரிஞ்சர் என்பார்கள். ஃபைபர்கிளாஸால் மூடிய மரம். எங்காவது ஒரு திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஊறி மக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. என்ஜின் உட்கார்ந்திருப்பதே அந்தச் சட்டங்களின் மேல்தான். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல மரம் "டக்" என்று பதில் சொல்லும், மக்கிய மரம் "தொப்" என்னும். என் படகில் இடது சட்டத்தில், பின்னாலிருந்து இரண்டடி தூரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு "தொப்". விற்றவர், "அது அங்கே பசை கொஞ்சம் தடிமன்" என்றார். நானும் நம்ப விரும்பினேன், நம்பினேன்.

ஏப்ரலில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லேக் மிங்கில் முதல் நாள். டிராக் போட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கூடுகிற குளம் அது. 2018 சீசனோடு லூகாஸ் ஆயில் பெயரில் நடந்த பெரிய தொடர் நின்றுபோன பிறகு, இந்த விளையாட்டைத் தாங்கிப் பிடித்திருப்பவை பெரும்பாலும் அந்தந்தப் பகுதிச் சங்கங்கள்தான். புதியவருக்கு அது ஒரு வகையில் நல்லது. படகுகளைத் தயார்செய்யும் இடமான பிட்டில் யாரும் கயிறு கட்டித் தள்ளி வைப்பதில்லை. நின்று கேட்டால் சொல்வார்கள். கேட்காமலும் சொல்வார்கள்.

ஓட்டுவதற்கு முன் படகைச் சரிபார்க்கும் பரிசோதகர் எழுபது வயதைத் தாண்டியவர். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பேட்டரியைக் கையால் அசைத்தார், அசைந்தது. ஆக்ஸிலரேட்டர் பெடலில் ஸ்பிரிங் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்றார். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று பெடலை மூடும்படி இரண்டு இருக்க வேண்டுமாம். ஓட்டுநர் விழுந்தால் இழுபட்டு என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை இழுத்துப் பார்த்து, "இது ரொம்ப நீளம். நீ தண்ணீரில் விழுந்த பிறகும் உன் படகு ஓடிக்கொண்டிருக்கும்" என்றார். கடைசியாக என் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தார். நான் கடையில் 60 டாலருக்கு வாங்கிய தண்ணீர்ச்சறுக்கு ஜாக்கெட்.

"தம்பி, இதை உன் பிள்ளைக்குக் கொடு" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஓட்டவிடவில்லை. காலையிலிருந்து டிரெய்லரை ஓட்டிக்கொண்டு வந்த என் மச்சினன், "என்ன மாமா, எட்டு மணிக்கே முடிஞ்சிருச்சா?" என்றான்.

முடியவில்லை. அன்று முழுக்க அங்கேயே இருந்து மற்றவர்களுக்குக் கயிறு பிடித்தேன், டிரெய்லர் இறக்கினேன், கேள்வி கேட்டேன். இப்போது யோசித்தால், படகு வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு வார இறுதி இதைச் செய்திருக்க வேண்டும். 6,800 டாலருக்கு என்ன வாங்குகிறோம் என்பது அப்போது தெரிந்திருக்கும்.

ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தச் சீசனில் நான் வாங்கியவற்றிலேயே சிறந்த பொருள் அதுதான். என் அளவில் ஓட்டுகிறவர்கள் திறந்த படகில், பெல்ட் போடாமல்தான் உட்காருகிறோம். படகு கவிழ்ந்தால் ஆள் படகைவிட்டு விலகி விழுவதே பாதுகாப்பு. மணிக்கு 75 மைலில் தண்ணீரில் விழும்போது சாதாரண ஜாக்கெட் தலை வழியாகக் கழன்றுவிடும், கொக்கிகள் பிய்ந்துவிடும். பந்தய ஜாக்கெட்டில் தொடைகளுக்கு நடுவே வந்து பூட்டும் பட்டைகள் உண்டு, கழுத்தைச் சுற்றித் தடித்த காலர் உண்டு, முதுகெலும்பு நெடுகத் தடிமனான நுரை உண்டு. என் மார்பளவு, எடை, உயரம் கேட்டு வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுத்தார்கள். 620 டாலர். போட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. கோடையில் உள்ளே வெந்துபோகும். ஆனால் நான் ஆரஞ்சு நிறம் கேட்டபோது தையற்காரர் சொன்னது பிடித்திருந்தது: "நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் என்று யாரும் பார்க்கமாட்டார்கள், நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள்." ஹெல்மெட்டும் அப்படியே, ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள பளிச்சென்ற ஆரஞ்சு.

அம்மாவிடம் வீடியோ காலில் போட்டுக் காட்டினேன். "கண்ணு, இவ்வளவும் போட்டுக்கிட்டுத்தான் போகணும்னா, எதுக்குப் போகணும்?" என்றாள். இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேகமான பிரிவுகளில் கதை வேறு. அங்கே ஓட்டுநரைச் சுற்றி மூடிய காப்ஸ்யூல், ஐந்து புள்ளி பெல்ட், உள்ளேயே சுவாசக் காற்று. லைசென்ஸ் வேண்டுமென்றால் நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பெல்ட்டை அவிழ்த்து வெளியே வந்து காட்டச் சொல்வார்கள். பிட்டில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டால் காப்ஸ்யூலுக்கு முந்தைய காலத்தைச் சொல்வார்கள். எட்டி ஹில் என்கிற டெக்சாஸ்காரர் 1982-இல் தண்ணீரில் மணிக்கு 229 மைல் ஓட்டினார். 1984-இல் அரிசோனாவில் நடந்த விபத்தில் பலத்த காயம். அதற்குப் பிறகு தரைக்கே திரும்பி, 1988 ஏப்ரலில் காரில் கால் மைலை 4.990 விநாடியில் கடந்தார். ஐந்து விநாடிக்குள் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். படகைவிட அந்தக் கார் பாதுகாப்பு என்று அவர் முடிவெடுத்தாரென்றால், நமக்கு அதில் செய்தி இருக்கிறது.

சரி, படகுக்கு வருகிறேன். மே மாதம் பரிசோதனை தேறி ஓட்டினேன். முதல் ஓட்டம் 14.2 விநாடி. கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 69 மைல். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டேக்கோமீட்டர் 5,250 காட்டியது.

பம்பு வேலை செய்கிறவனுக்கு அந்த இரண்டு எண்களும் சேர்ந்தே பதில் சொல்லிவிடும். இந்த அளவு இம்பெல்லரோடு என்ஜின் 5,250 சுற்றுகிறதென்றால் அதற்குப் பலம் போதும். பலம் போதுமானால் படகு இன்னும் வேகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லையே? அப்படியென்றால் இம்பெல்லர் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு நாசிலுக்குப் போகாமல் திரும்பி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்து டிரெய்லர்க்காரர் கார்புரேட்டரை மாற்று என்றார், இன்னொருவர் கேம்ஷாஃப்ட் என்றார், மூன்றாமவர் சூப்பர்சார்ஜர் விலைக்கு இருக்கிறது என்றார். இந்த விளையாட்டில் எல்லா நோய்க்கும் குதிரைத்திறன்தான் மருந்து.

பம்பில் அந்தக் கணக்கு எடுபடாது. சுற்று கூடக் கூட பம்பு விழுங்கும் பலம் மும்மடி விகிதத்தில் ஏறும். 10 சதவீதம் கூடுதல் சுற்று வேண்டுமென்றால் 33 சதவீதம் கூடுதல் குதிரைத்திறன் வேண்டும். என்னுடைய 500-ஐ 665 ஆக்கினால்தான் 5,250 என்பது 5,775 ஆகும். அதற்கு ஆகும் பணத்தில் இன்னொரு படகு வாங்கலாம். கசிகிற பம்பில் அதைப் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு தோண்டுகிற வேலை.

ஒரு சனிக்கிழமை பம்பைப் பிரித்தேன். இம்பெல்லர் வாய்க்கும் அதைச் சுற்றி உட்காரும் வேர் ரிங் என்ற தேய்மான வளையத்துக்கும் இடையே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.040 அங்குலம். மணலைக் குடித்துக் குடித்துத் தேய்ந்தது. இடைவெளி 0.012 வருகிறபடி புது ரிங் போட்டேன். இம்பெல்லர் முனைகளில் கல்லடி பட்ட காயங்களை அரத்தால் ராவி வழித்தேன். ஷாஃப்ட்டைச் சுற்றிக் கசிவை அடக்கும் பேக்கிங் கயிறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதைக் குத்தி எடுத்துப் புதிது சுற்றினேன். (அந்தக் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டை முறுக்கி ஒரு சொட்டுக்கூட வராமல் செய்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். சொட்ட வேண்டும் ஐயா, சொட்டினால்தான் ஷாஃப்ட் பிழைக்கும். என் அப்பா இதை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்.) உறிஞ்சு வாயில் கம்பித் தடுப்புக்குப் பதிலாக, வேகத்தில் தண்ணீரை வாரி உள்ளே தள்ளுகிற லோடர் என்ற பாகம். எல்லாம் சேர்த்து 1,450 டாலர், கூலி என்னுடையது.

ஜூனில் மறுபடி லேக் மிங். 5,000 சுற்று, 77 மைல், 13.2 விநாடி. என்ஜினில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. சுற்று குறைந்து வேகம் கூடியதைப் பார்த்து சூப்பர்சார்ஜர்க்காரர் டேக்கோமீட்டர் ரிப்பேர் என்றார்.

பெர்க்லி பம்பைப் பற்றி ஒரு வார்த்தை: ஐம்பது வருஷத்துப் பொருளைப் பிரித்தேன், ஒவ்வொரு பாகமும் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் வந்து சரியாக உட்கார்ந்தது. உறிஞ்சு குழாயின் மேல் கை நுழைகிற அளவுக்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். இம்பெல்லரில் பாசியோ கயிறோ சிக்கினால் படகிலிருந்து இறங்காமலே திறந்து எடுக்கலாம். வடிவமைத்தவர் ஒரு நாளாவது நடுக்குளத்தில் மாட்டியிருக்க வேண்டும். பம்புக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

அடுத்து, ஓட்டுகிற விதம். ஜெட் போட்டில் சுக்கான் இல்லை. பீய்ச்சும் தண்ணீரை இடவலமாகத் திருப்புவதுதான் ஸ்டீரிங். ஆகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஸ்டீரிங்கும் போய்விடும். சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினாலும் படகு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதிலேயே போகும். கார் ஓட்டிப் பழகியவனுக்கு பயம் வந்தால் கால் தானாக மேலே வரும். இங்கே அது தப்பு. இந்த ஒன்றைப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது. பந்தயம் இல்லாத நாளில், யாருமில்லாத தண்ணீரில், 40 மைலில் காலைப் பாதி எடுத்து, திரும்பக் கொடுத்து, மறுபடி எடுத்து என்று பழகிவிட்டுத்தான் கால் மைலுக்குப் போக வேண்டும்.

இதைச் சொல்கிற நானே ஜூலையில் மறந்தேன். கோட்டைத் தாண்டிய சந்தோஷத்தில் காலைச் சட்டென்று எடுத்தேன். மூக்கு அமுங்கியது, படகு தண்ணீரில் உட்கார்ந்தது, பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த என்னுடைய அலையே தாழ்ந்த பின்சுவரைத் தாண்டி உள்ளே கொட்டியது. என்ஜின் இரண்டு தரம் இருமி நின்றது. கணுக்கால் அளவு தண்ணீரில், 620 டாலர் ஜாக்கெட்டில், மீட்புப் படகு வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்த முக்குளிப்பவர் ஒன்றும் திட்டவில்லை. இழுவைக் கயிற்றை மாட்டிவிட்டு, "எல்லாரும் ஒரு தடவை செய்வார்கள்" என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி செய்யவில்லை. கோட்டுக்குப் பிறகு மூன்று எண்ணிக்கைக்குக் காலை மெல்ல மெல்ல விடுகிறேன்.

புறப்பாடு இன்னொரு பாடம். தண்ணீரில் படகை நிறுத்திவைக்க முடியாது என்பதால், மெல்ல ஊர்ந்துகொண்டே கோட்டை நோக்கி வருகிறோம், எண்ணிக்கைக் கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யத்துக்கு முன் கோட்டைத் தொட்டால் சிவப்பு விளக்கு, ஆட்டம் முடிந்தது. பிந்தித் தொட்டால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. எதிராளியைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்க்க வேண்டும். முதல் ஆறு ஓட்டத்தில் எனக்கு மூன்று சிவப்பு. பிறகு மச்சினன் ஒரு வழி சொன்னான்: கரையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்து, கடிகாரம் இந்த எண்ணில் இருக்கும்போது அந்த மரத்துக்கு நேராக இருக்க வேண்டும், அப்போது கால் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சிவப்புதான்.

இந்த இடத்தில்தான் பழைய ஜெட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, வழுக்குவதற்கு டயர் இல்லை. பெடலை மிதித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுந்து போகிறது. ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து ஓட்டம்: 13.08, 13.11, 13.05, 13.09, 13.06. எனக்கு முன்னால் இருபது வருஷம் ஓட்டிய ஒருவர் அடிப்பாகம் தட்டையான தன் ஃபிளாட்பாட்டம் படகில் இந்த வரிசையைப் பார்த்ததில்லை என்றார். அவருடைய படகு என்னுடையதைவிட மூன்று விநாடி வேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விநாடியில் நூறில் ஒரு பங்கைத் திருத்த நாசிலின் மேல்-கீழ் சாய்வுதான் கருவி. கொஞ்சம் மேலே தூக்கினால் மூக்கு எழும், தண்ணீரில் உரசுகிற பரப்பு குறையும், வேகம் கூடும். இன்னும் தூக்கினால் படகு தவளை மாதிரி குதிக்கத் தொடங்கும். குதிக்கும்போது உறிஞ்சு வாய் காற்றைக் குடிக்கும், பம்பில் சுமை போய்விடும், என்ஜின் அலறிக்கொண்டு சுற்று ஏறும். ஒரு கண நேரம்தான், அதிலேயே என்ஜினை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இல்லாத படகை வாங்கினால் முதல் வேலையாக அதை மாட்டுங்கள். தண்ணீரும் ஒரு கணக்கு: அதிகாலைக் கண்ணாடித் தண்ணீரில் என் படகு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, பத்து மணிக்கு மேல் சிற்றலை எழும்போது அரை அங்குலம் தூக்கியது போல விடுபட்டு ஓடுகிறது. மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்.

குறைகள்? நிறைய. என்ஜினைக் குளிர்விப்பதே பம்பு அனுப்பும் குளத்துத் தண்ணீர்தான். வழியில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. அதை முழுதாகத் திறந்து வைத்தால் முழு வேகத்தில் அழுத்தம் ஏறி கேஸ்கெட்டுகள் பிதுங்கும், குறைத்து வைத்தால் எக்ஸாஸ்ட் குழாய் கொதிக்கும். எங்கே வைப்பது என்பதற்குப் புத்தகம் கிடையாது, அழுத்தமானி மாட்டிப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியதுதான். பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். சத்தம் அடுத்த நாளும் காதில் இருக்கும். குடும்பத்தோடு உல்லாசமாகப் போகலாம் என்று வாங்குகிறவர்கள் வேறு படகைப் பார்க்கவும். என் மனைவி ஒரு முறை ஏறினாள், இறங்கியதும் டிரெய்லரில் ஏற்றும்வரை பேசவில்லை. 100 மைல் வேண்டும் என்கிறவர்களுக்கும் இது ஆகாது. இந்த உடம்பில் அந்த வேகத்துக்குப் போக முயல்வதை நான் பார்க்க விரும்பவில்லை.

மொத்தச் செலவு: படகு 6,800, பம்பு 1,450, ஜாக்கெட் 620, ஹெல்மெட் 310, பரிசோதனைக்காக மாட்டிய ஸ்பிரிங், பேட்டரிப் பெட்டி, தீயணைப்பான், கில் ஸ்விட்ச் எல்லாம் 400-க்குள். நுழைவுக் கட்டணமும் பெட்ரோலும் தனி. இதில் ஜெயித்தது ஒரு சுற்று. அதுவும் எதிராளி 12.97 ஓடித் தோற்றதால்.

படகுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரையைக் குறைத்தது வலப்பக்கத்துக் குழிக்கு. ஒன்றைக் குறைத்தது இடது ஸ்டிரிஞ்சருக்கு. செப்டம்பர் பந்தயத்துக்குப் பிறகு கழுவும்போது சுத்தியலால் மறுபடி தட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலமாக இருந்த "தொப்" இப்போது ஒரு சாண் இருக்கிறது. தரையைப் பிரிப்பதற்கு வெட்டும் மெஷின் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன், மச்சினன் சனிக்கிழமை வருகிறான்.